மூட முதல் யாரைக் கேட்டீங்க?

"புள்ளைய வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போகச் சொல்றாங்க தம்பி. எந்த வீட்டுக்கு?"

போன விடுமுறையில் ஹட்டன் பக்கம் நடந்த ஒரு பெற்றோர் கூட்டத்தில் ஒரு அக்கா கேட்ட கேள்வி இது. எங்களில் மூன்று பேர் அந்தக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். எங்களில் ஒருத்தியின் சித்தி மகன் அந்த இல்லத்தில்தான் இருக்கிறான். விசேட தேவையுள்ள பிள்ளைகளும் இளைஞர்களும் தங்கியிருந்து படிக்கிற, கைவேலை பழகுகிற சின்ன இடம். பெயர் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த காசு குறைந்துவிட்டது, இனி நடத்துவது கஷ்டம் என்று சொன்னார்கள். அது எங்களுக்கு விளங்கியது. ஆனால் அதோடு இன்னொரு வசனமும் சேர்ந்து வந்தது: "பிள்ளைகள் குடும்பத்தோடு, சமூகத்தோடு வாழ்வதுதான் நல்லது. உலகம் முழுக்க இப்போது அப்படித்தான் செய்கிறார்கள்."

கேள்வி கேட்ட அக்கா கொழுந்து பறிக்கிறவர். மகனுக்குப் பத்தொன்பது வயது, வலிப்பு வரும். காலையில் வேலைக்குப் போனால் நாலரைக்குத்தான் லயத்துக்குத் திரும்புவார். அதுவரைக்கும் அவனை யார் பார்ப்பது? மண்டபத்தில் யாரும் பதில் சொல்லவில்லை.

நாங்கள் கலைப்பீடத்தில் படிக்கிறவர்கள். சட்டமும் தெரியாது, வைத்தியமும் தெரியாது. ஒரு வசனம் எங்கே பிறந்தது, யார் யார் வாயில் புழங்கி இங்கே வந்து சேர்ந்தது என்று தேடிப்பார்க்க மட்டும் கொஞ்சம் பழகியிருக்கிறோம். "வீட்டோடு இருப்பதுதான் நல்லது" என்ற வசனத்தை அப்படித் தேடிப்போனோம். அது பொய்யான வசனம் இல்லை. ஒரு காலத்தில் அதைச் சொல்ல நிறையத் துணிச்சல் தேவைப்பட்டது. ஆனால் அதே வசனம் வேறொரு இடத்தில் 144 பேரின் சாவுக்கு முன்னுரையாக இருந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

பென்ஹர்ஸ்ட்: பெற்றோரே இரண்டு பக்கம்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பென்ஹர்ஸ்ட் என்று ஒரு அரச நிறுவனம் 1908ல் திறக்கப்பட்டது. அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களையும் வலிப்பு நோய் உள்ளவர்களையும் ஊருக்கு வெளியே, பெரிய பெரிய கட்டிடங்களில் வைத்துப் பராமரிப்பதற்காகக் கட்டியது. அந்தக் காலத்தில் அதுதான் "நவீனம்". பிள்ளை பிறந்ததும் வைத்தியர்களே, "அங்கே விட்டுவிடுங்கள், மற்றப் பிள்ளைகளைப் பாருங்கள்" என்று புத்தி சொன்ன காலம் அது.

போகப்போக அந்த இடம் நிரம்பி வழிந்தது. 1968ல் பில் பல்தினி என்ற தொலைக்காட்சி நிருபர் கமெராவோடு உள்ளே போனார். கட்டிலில் கட்டிவைக்கப்பட்டவர்களையும், உடுப்பில்லாமல் தரையில் கிடந்தவர்களையும், பார்க்க ஆளில்லாத பிள்ளைகளையும் ஊர் பார்த்தது. 1974ல் சிறுவயதிலேயே அங்கே சேர்க்கப்பட்ட டெரி லீ ஹால்டர்மன் என்ற பெண்ணின் பெயரில் வழக்குப் போடப்பட்டது. மகளின் உடம்பில் காயங்களைப் பார்த்த தாய்தான் வழக்கின் பின்னால் நின்றவர். 1977 டிசம்பரில் நீதிபதி ரேமண்ட் பிராடெரிக் தீர்ப்புச் சொன்னார்: இந்த இடத்தில் மனிதர்களை வைத்திருப்பதே அவர்களுடைய உரிமையை மீறுவது, அவர்கள் சமூகத்துக்குள் வாழ இடம் செய்து கொடுக்க வேண்டும்.

அந்த வசனத்தின் ஒரு வேர் இங்கே இருக்கிறது. நல்ல வேர்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. தீர்ப்புக்கு எதிராக மேன்முறையீடு செய்தவர்களில் பென்ஹர்ஸ்ட் பெற்றோர், ஊழியர் சங்கமும் இருந்தது. ஆமாம், பெற்றோர்தான். மூடாதீர்கள் என்று அவர்கள் கேட்டார்கள். முதலில் படித்தபோது எங்களுக்கு அதிர்ச்சி. இவ்வளவு மோசமான இடத்தை மூட வேண்டாம் என்று ஒரு தாய் எப்படிச் சொல்லுவாள்? யோசித்துப் பார்த்தால் விளங்கும். இருபது முப்பது வருசத்துக்கு முன்னால் இதே அரசுதான், "கவலைப்படாதீர்கள், சாகும்வரை நாங்கள் பார்ப்போம்" என்று சொல்லிப் பிள்ளையை வாங்கிக்கொண்டது. இப்போது பெற்றோருக்கு வயது எழுபது. அதே அரசு வந்து, "அது பிழை, வேறு இடத்துக்கு மாற்றுகிறோம்" என்கிறது. ஒரு வாக்கை மாற்றியவர்கள் அடுத்த வாக்கையும் மாற்றமாட்டார்கள் என்று என்ன நிச்சயம்?

வழக்கு இழுபட்டது. உச்ச நீதிமன்றம் 1981லும் 1984லும் சட்டக் காரணங்களைச் சொல்லிக் கீழ் நீதிமன்றங்களின் கட்டளைகளைத் தள்ளியது. கடைசியில் இரு தரப்பும் ஒரு இணக்கத்துக்கு வந்து, 1987ல் பென்ஹர்ஸ்ட் முழுதாக மூடப்பட்டது. தீர்ப்புக்கும் பூட்டுக்கும் நடுவில் பத்து வருசம். அந்தப் பத்து வருசத்தில் ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியே திட்டம் எழுதினார்கள். சின்னச் சின்ன வீடுகளை முதலில் ஆயத்தம் செய்தார்கள். பிறகுதான் ஆளை மாற்றினார்கள். நீதிமன்றம் நியமித்த அதிகாரிகள் கண்காணித்தார்கள். அங்கிருந்து போன ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் வாழ்க்கையை ஒரு ஆய்வுக் குழு பல வருசம் பின்தொடர்ந்தது. அவர்கள் முன்பைவிட நன்றாக இருந்தார்கள், புதிதாகப் பல வேலைகளைச் செய்யப் பழகினார்கள் என்பது அதன் முடிவு. ஆரம்பத்தில் எதிர்த்த குடும்பங்களில் பெரும்பாலானவை மனம் மாறி, மாற்றியது நல்லதுதான் என்று சொன்னதையும் அது பதிந்திருக்கிறது.

ஆகவே மூடுவதை எதிர்க்கிறவர்கள் பக்கம்தான் எப்போதும் நியாயம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. பென்ஹர்ஸ்ட் பெற்றோரின் பயம் நியாயமானது. அவர்கள் கேட்ட முடிவு சரியானதில்லை. பயத்துக்குப் பதில் கிடைத்ததும் அவர்களே மாறினார்கள். பதில் கிடைத்தது என்பதுதான் இதில் முக்கியம்.

ஏர்வாடி: ஒரே வாரத்தில்

இனி நமக்குக் கிட்டவான ஒரு இடம். நம்ம பாட்டன் பூட்டன் கப்பல் ஏறக் காத்துக்கிடந்த மண்டபம் முகாம் இருப்பது இராமநாதபுரம் மாவட்டத்தில். அதே மாவட்டத்தில், கீழக்கரைக்குப் பக்கத்தில் ஏர்வாடி தர்கா. மனநோய் குணமாகும் என்ற நம்பிக்கையில் எல்லா மதத்து மக்களும் அங்கே போவார்கள். அதைச் சுற்றித் தனியார் காப்பகங்கள் முளைத்தன. குடும்பங்கள் மாதாமாதம் காசு கட்டி ஆளை விட்டுவிட்டுப் போகும். காப்பகம் நடத்துகிறவர்கள் ஓடிப்போகாமல் சங்கிலியால் கட்டி வைப்பார்கள்.

2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. மொய்தீன் பாதுஷா காப்பகத்தின் ஓலைக்கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் இருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்துப்போனார்கள்.

ஒரு வாரத்துக்குள், ஆகஸ்ட் 13ல், ஏர்வாடியில் இருந்த இந்த மாதிரிக் காப்பகங்கள் எல்லாம் மூடப்பட்டன. ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் அரசின் பொறுப்பில் வந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே விடயத்தைக் கையில் எடுத்தது. மூடியது பிழையா? ஒருபோதும் இல்லை. சங்கிலியில் ஆளைக் கட்டுகிற இடத்தை அடுத்த நாளே மூடியிருக்க வேண்டும். தீப்பிடிக்க முதலே மூடியிருக்க வேண்டும்.

ஆனால் மூடிய பிறகு அவர்கள் போன இடங்களைப் பாருங்கள். ஒரு பகுதியினர் சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கு. அதுவும் ஒரு பெரிய நிறுவனம்தான். இன்னொரு பகுதியினர் குடும்பங்களிடம். பார்க்க வழியில்லாமல்தானே அந்தக் குடும்பங்கள் ஏர்வாடிக்குக் கொண்டுவந்து விட்டன? பெரும்பாலான மாவட்டங்களில் ஏழைக்கு எட்டுகிற தூரத்தில் மனநல சிகிச்சை இல்லாத காலம் அது. சங்கிலியை அறுத்தார்கள். சங்கிலி எதற்காகத் தேவைப்பட்டது என்ற கேள்வி அப்படியே கிடந்தது.

மோசமான இடத்தை மூடும்போதே "அடுத்து எங்கே" என்ற கேள்விக்கு இவ்வளவு கனம் இருக்கிறது. மோசமில்லாத ஒரு இடத்தை, காசை மிச்சம் பிடிப்பதற்காக மூடினால் என்ன ஆகும்? அதைப் பார்க்கத் தென்னாபிரிக்காவுக்குப் போக வேண்டும்.

கௌடெங்: சொன்னவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்

1860லிருந்து நம்மைப்போலவே தமிழர்கள் கூலிகளாகத் தோட்டத்துக்குப் போன நாடு அது. ஆனால் இந்தச் சம்பவம் கரும்புத் தோட்டங்கள் இருந்த நேட்டாலில் நடக்கவில்லை. ஜொஹன்னஸ்பர்க் நகரம் இருக்கும் கௌடெங் மாகாணத்தில் நடந்தது.

லைஃப் எசிடிமெனி என்ற தனியார் நிறுவனத்தின் நிலையங்களில் மாகாண சுகாதாரத் திணைக்களம் காசு கொடுத்து சுமார் 1700 பேரைப் பராமரித்து வந்தது. நாட்பட்ட மனநோய் உள்ளவர்களும், கடுமையான அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களும் அங்கே இருந்தார்கள். சொந்தமாகச் சாப்பிடத் தெரியாதவர்கள், பேசத் தெரியாதவர்கள், வலிப்பு மருந்து ஒரு வேளை தவறினாலும் ஆபத்தானவர்கள்.

2015 அக்டோபரில் மாகாண சுகாதார அமைச்சர் கெடானி மஹ்லாங்கு, இந்த ஒப்பந்தத்தை முடிக்கிறோம் என்று அறிவித்தார். இரண்டு காரணங்கள். ஒன்று செலவு. இரண்டாவது, நிறுவனங்களில் அடைத்து வைப்பதைக் குறைத்துச் சமூகத்தோடு வாழவிட வேண்டும் என்ற தேசியக் கொள்கை. அதே வசனம்! பென்ஹர்ஸ்டில் ஒரு தாய் வழக்குப் போட்டு வாங்கிய வசனம், இங்கே வரவுசெலவுக் கணக்கில் ஒரு வரியாக வந்து நின்றது.

குடும்பங்கள் எதிர்த்தன. ஒரு குழுவாகச் சேர்ந்து கடிதம் எழுதினார்கள், கூட்டங்களுக்குப் போனார்கள், பதாகை பிடித்து ஊர்வலம் போனார்கள். மனநல வைத்தியர்களின் சங்கம் எச்சரித்தது. மனச்சோர்வு உள்ளவர்களுக்காக வேலை செய்யும் தொண்டு அமைப்பும் குடும்பங்களும், செக்‌ஷன் 27 என்ற சட்ட அமைப்பின் உதவியோடு 2015 டிசம்பரில் நீதிமன்றம் போனார்கள். கலந்துபேசித்தான் செய்வோம் என்று திணைக்களம் ஒப்புக்கொண்டது. 2016 மார்ச்சில், சொவெட்டோவில் இருந்த டகலானி என்ற இல்லத்துக்கு 54 பேரை அனுப்பப் போகிறார்கள் என்று தெரிந்ததும் மறுபடி நீதிமன்றம் போனார்கள். டகலானி சிறுபிள்ளைகளுக்கான இல்லம். அனுப்பப்போவது வளர்ந்தவர்களை. அந்த வழக்கில் குடும்பங்கள் தோற்றன.

பிறகு வேகமாக நடந்தது. 2016 ஜூன் முடிவுக்குள் எல்லோரையும் வெளியேற்றினார்கள். பலரை 27 தொண்டு அமைப்புகளுக்குப் பிரித்து அனுப்பினார்கள். லைஃப் எசிடிமெனிக்கு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 320 ரான்ட் கொடுத்த திணைக்களம், இந்த அமைப்புகளுக்குக் கொடுக்க ஒத்துக்கொண்டது 112 ரான்ட். அதையும் நேரத்துக்குக் கொடுக்கவில்லை. சில இடங்கள் சாதாரண வீடுகள். கட்டில் இல்லை, போர்வை இல்லை, தாதி இல்லை. சிலரைத் திறந்த பிக்கப் வாகனங்களில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சிலரின் மருத்துவக் குறிப்புகள் கூடப் போகவில்லை. எந்த ஆள் எங்கே போனார் என்று வீட்டாருக்கே சொல்லவில்லை. தம்பியைத் தேடி, அக்காவைத் தேடி, ஒவ்வொரு இடமாக ஏறி இறங்கினார்கள். அங்கே ஜூன், ஜூலை என்றால் குளிர்காலம். நுவரெலியாக் குளிரில் வளர்ந்த நமக்கு, போர்வை இல்லாத ராத்திரி எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பசி, தண்ணீர் இல்லாமை, நிமோனியா, வலிப்பு. சாவுகள் ஒவ்வொன்றாக வந்தன. 2016 செப்டெம்பரில் மாகாண சபையில் கேள்வி கேட்டபோது, 36 பேர் என்று அமைச்சர் சொன்னார். 2017 பெப்ரவரி 1ல் சுகாதாரக் குறைகேள் அதிகாரி பேராசிரியர் மாலெகாபுரு மக்கோபாவின் அறிக்கை வந்தது. குறைந்தது 94 பேர் என்றது அது. அந்த 27 அமைப்புகளில் ஒன்றிடம்கூடச் செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரம் இருக்கவில்லை என்றும் சொன்னது. அந்த நேரத்தில்தான் அமைச்சர் பதவி விலகினார். பிறகு எண்ணிக்கை 144 ஆனது. ஓய்வுபெற்ற துணைப் பிரதம நீதியரசர் டிக்காங் மொசெனெக்கே நடத்திய நடுவர் விசாரணையில் குடும்பங்கள் மாதக்கணக்கில் சாட்சி சொன்னார்கள். 2018 மார்ச்சில் ஒவ்வொரு கோரிக்கையாளருக்கும் 12 லட்சம் ரான்ட் இழப்பீடு கொடுக்கச் சொன்னார். 2024 ஜூலையில் மரண விசாரணை நடத்திய நீதிபதி, ஒன்பது பேரின் சாவுக்கு முன்னாள் அமைச்சரும் மனநலப் பிரிவின் முன்னாள் பணிப்பாளரும் காரணம் என்று முடிவு சொன்னார்.

இதில் எங்களைத் தூங்கவிடாத விடயம் ஒன்று இருக்கிறது. இதெல்லாம் நடக்கும் என்று குடும்பங்கள் நடக்க முதலே சொன்னார்கள். கடிதத்தில் சொன்னார்கள், தெருவில் சொன்னார்கள், நீதிமன்றத்தில் சொன்னார்கள். அவர்கள் மாற்றத்தை விரும்பாதவர்கள், பழைய முறையைக் கட்டிப்பிடிப்பவர்கள் என்று பார்க்கப்பட்டார்கள். கொள்கை அழகாக இருந்தது. கொள்கைக்குள் போக வேண்டிய ஆளுக்குப் போர்வை இருக்கிறதா என்று கேட்டவர்கள் மட்டும்தான் தொந்தரவு பிடித்தவர்களாகத் தெரிந்தார்கள்.

நம்ம மலையில் "வீடு" என்றால்

இப்போது ஹட்டனுக்குத் திரும்பி வருவோம்.

"சொந்த இடத்துக்கு அனுப்புகிறோம்" என்ற வசனம் நம்ம மக்களுக்குப் புதிதா? 1948ல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து நம்மை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம். அந்தக் கணக்கைப் போட்ட மேசையில் கணக்கில் வந்த மக்கள் யாரும் இருக்கவில்லை. "தாயகம் திரும்புவோர்" என்று பெயர் வைத்தார்கள். இங்கேயே பிறந்து இங்கேயே வளர்ந்தவர்களை, கண்ணால் பார்த்திராத ஊருக்குத் திரும்பச் சொன்னார்கள். ஆளைக் கேட்காமல் ஆளுக்கு வீடு எது என்று முடிவு செய்வது எப்படி இருக்கும் என்பது நம்ம குடும்பங்களுக்குள்ளேயே இருக்கிற ஞாபகம். அந்த ஞாபகம் உள்ள சனங்கள், பேசத் தெரியாத ஒரு பிள்ளைக்கு வேறு யாரோ அதையே செய்யும்போது சும்மா இருக்கலாமா?

"குடும்பத்தோடு இருக்கட்டும்" என்கிறார்கள். தோட்டத்துக் குடும்பத்தின் நாள் எப்படி? விடியலில் எழும்பி, பிரட்டுக்குப் போய், மலைக்கு ஏறி, கொழுந்து நிறுத்து முடியப் பின்னேரம் ஆகும். நிறை குறைந்தால் அரைப்பேர். ஒரு நாள் நின்றால் அந்த நாள் காசு இல்லை. சின்னப் பிள்ளைகளுக்குப் பிள்ளை மடுவம் இருக்கிறது. இப்போது அதற்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர். பள்ளிக்கூடம் போகிற வயதோடு அதுவும் முடிந்துவிடும். பன்னிரண்டு வயதில் கழிப்பறைக்குத் தனியே போக முடியாத பிள்ளைக்கு எந்த மடுவமும் இல்லை.

"சமூகத்தோடு இருக்கட்டும்" என்கிறார்கள். சமூகம் என்றால் என்ன? நகரத்துப் பாடசாலைகள் சிலவற்றில் விசேட கல்வி அலகு இருக்கிறது. லயத்திலிருந்து பஸ் ரோட்டுக்கு வரக் கல்லும் படியுமாக ஒரு மணித்தியாலம் நடக்க வேண்டிய பிள்ளைக்கு அது இருந்தும் இல்லாத மாதிரி. சக்கர நாற்காலி கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அந்த நாற்காலி லயத்துப் படியில் ஏறாது. கடைசியில் காம்பராவுக்குள் ஒரு மூலை. கதவுக்கு வெளியே ஒரு கொக்கி. தாய் கெட்டவள் என்பதால் போட்ட கொக்கி இல்லை அது. அடுப்பில் கை வைத்துவிடுவான், ரோட்டுக்கு ஓடிவிடுவான் என்ற பயத்தில் போட்டது. இல்லாவிட்டால் அக்காவோ தங்கச்சியோ பள்ளிக்கூடத்தை விட்டு நிற்பாள். எங்களோடு படித்து ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோன பிள்ளைகளில் இப்படி நின்றவர்களும் இருக்கிறார்கள். அப்போது அது எங்களுக்குத் தெரியவில்லை.

தூரத்தில் இருக்கிற இடங்களுக்கு அனுப்பலாமே? இரத்மலானையில் இருக்கிற, செவிப்புலன், பார்வைப்புலன் அற்ற பிள்ளைகளுக்கான பாடசாலை 1912ல் தொடங்கப்பட்டது. தமிழ்ப் பிள்ளைகளுக்காகக் கைதடியில் நஃபீல்ட் பாடசாலை 1956ல் வந்தது. நல்ல இடங்கள். ஆனால் ஹட்டனிலிருந்து யாழ்ப்பாணம் எவ்வளவு தூரம்? யுத்த காலத்தில் ஏ9 பாதை வருசக்கணக்காக மூடிக்கிடந்தது. 2002ல் திறந்து 2006ல் மறுபடி மூடினார்கள். அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு அந்த இரண்டு பாடசாலைகளும் பொருந்தவும் மாட்டா. ஆகவே மலையகத்தில் மதச் சபைகளும் தொண்டு அமைப்புகளும் நடத்துகிற சில இல்லங்கள்தான் மிச்சம். அதில் ஒன்று மூடினால், பக்கத்தில் இன்னொன்று இல்லை.

பதினெட்டு வயது என்று ஒரு கோடும் இருக்கிறது. சிறுவர் இல்லங்களுக்கு நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களம் பொறுப்பு. பதினெட்டு தாண்டியவன் சிறுவன் இல்லை. ஆனால் அவனுடைய தேவை பதினெட்டாவது பிறந்தநாளோடு மாறிவிடுகிறதா? அந்த அக்காவின் மகனுக்குப் பத்தொன்பது. அவன் எந்தத் திணைக்களத்தின் பிள்ளை?

இதை யாரிடம் கேட்பது? 13ஆவது திருத்தத்தின்படி சிறுவர் பராமரிப்பும், உடல் உளக் குறைபாடு உள்ளவர்களின் நலனும் மாகாண சபையின் விடயங்கள். மத்திய மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013 செப்டெம்பரில். 2018ல் சபையின் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு வாக்குப் போட்டுத் தெரிவு செய்த மாகாண உறுப்பினர் என்று யாரும் இல்லை. கௌடெங்கில் சபையில் எழும்பி, எத்தனை பேர் செத்தார்கள் என்று கேட்க ஒரு உறுப்பினராவது இருந்தார்.

நாங்கள் கேட்பது

விசேட தேவையுடையோரின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் உறுதிப்படுத்தியது. கௌடெங்கில் ஆட்களை ஏற்றி அனுப்ப ஆயத்தம் நடந்த அதே காலம். அந்தச் சமவாயத்தின் 19ஆவது உறுப்புரை, எங்கே யாரோடு வாழ்வது என்று தெரிவு செய்யும் உரிமை இவர்களுக்கும் உண்டு என்கிறது. மூடுகிறவர்கள் இதைக் காட்டித்தான் பேசுகிறார்கள். ஆனால் அதிலே இருக்கும் சொல் "தெரிவு". அதே உறுப்புரை வீட்டுக்கு வந்து உதவும் சேவைகளையும் கேட்கிறது. அந்தச் சேவையைத் தராமல் ஆளை மட்டும் வீட்டுக்கு அனுப்பினால், அது தெரிவு இல்லை, கைகழுவுதல்.

எங்களுக்கு இல்லங்கள் மேல் பக்தி ஒன்றும் கிடையாது. அடிக்கிற, பூட்டுகிற, பிள்ளையைக் காட்டிக் காசு சேர்க்கிற இடம் எங்கே இருந்தாலும் மூடத்தான் வேண்டும். ஏர்வாடி அதைச் சொல்லிவிட்டது. நல்ல இல்லம்கூட நல்ல வீட்டுக்கு ஈடில்லை என்பதையும் பென்ஹர்ஸ்டுக்குப் பிறகு மறுக்க முடியாது. ஆகவே நாங்கள் "எப்போதும் மூடாதே" என்று சொல்லவில்லை. இப்படி மூடாதே என்கிறோம்.

எந்த இல்லத்தை மூடுவதாக இருந்தாலும் அதற்கு முதல் சில கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும், அடுத்த நாள் காலையில் எழும்பப் போவது எந்த இடத்தில்? பகலில் யார் பார்ப்பது, அவருக்குச் சம்பளம் யார் கொடுப்பது? மருந்து எங்கிருந்து வரும், அவனுடைய மருத்துவக் கோப்பு யார் கையில் போகும்? ஒரு மாதம் கழித்து, ஆறு மாதம் கழித்து, யார் போய்ப் பார்ப்பார்கள்? சரிவரவில்லை என்றால் திரும்பி வர இடம் இருக்கிறதா? இதற்கெல்லாம் பதில் இருந்தால் பெற்றோர் தாங்களாகவே வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவார்கள். பதில் இல்லாவிட்டால், காசு இல்லை என்ற உண்மையை மட்டும் சொல்லுங்கள். காசுப் பிரச்சினைக்குப் பிரதேச செயலகம், மாகாணத் திணைக்களம், தோட்டக் கம்பனி, தொழிற்சங்கங்கள், வெளிநாட்டில் இருக்கிற நம்ம ஆட்கள் என்று எல்லோரிடமும் போய் நிற்கலாம். உரிமை என்ற சொல்லைக் கொண்டுவந்து காசுப் பிரச்சினையை மூடாதீர்கள்.

கடைசியாக எங்கள் தரப்பிலும் ஒரு குற்றம் இருக்கிறது. அன்றைக்குக் கூட்டத்தில் நிர்வாகம் பேசியது, பெற்றோர் பேசினார்கள், உரிமை பற்றி நாங்களும் கொஞ்சம் பேசினோம். பேச்சுக்குரியவர்கள் எல்லோரும் வெளியே முற்றத்தில் பந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும்தான். திரும்பி வரும்போதுதான் சித்தி மகனிடம் கேட்டோம்: "உனக்கு எங்கடா இருக்க விருப்பம்?"

அவனுக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும். நிறைய நேரம் எடுத்துக்கொண்டு சொன்னான். இங்கே இருக்கணும், கூட்டாளிமார் இருக்காங்க. சனிக்கிழமை வீட்டுக்குப் போகணும், அம்மா ரொட்டி சுடுவாங்க.

எந்த அறிக்கையிலும் இந்தப் பதிலுக்கு ஒரு கட்டம் இல்லை. மூடு என்பதற்கும் இது ஒத்துவராது, மூடாதே என்பதற்கும் முழுதாக ஒத்துவராது. ஆனால் கேட்டால் பதில் சொல்கிறான். அடுத்த கூட்டம் வருகிற மாதம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்கு அவனையும் அவனுடைய கூட்டாளிமாரையும் முன்வரிசையில் உட்காரவைக்கச் சொல்லிப் பெற்றோர் எழுதிய கடிதத்தில் நாங்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். உங்கள் தோட்டத்திலும், உங்கள் டவுனிலும் இப்படி ஒரு இல்லம் இருக்கும். மூடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்ட பிறகு போகாமல், அதற்கு முதலே ஒருமுறை போய்ப் பாருங்கள்.